கேள்வியை எழுதியவன் யார்?

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று சொல்லாத மேடை இல்லை. வென்றவனும் சொல்கிறான், தோற்றவனும் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிறான். நாமும் சொல்கிறோம். ஆனால் தீர்ப்பு என்று ஒன்று இருக்குமானால், அதற்கு முன்னே வழக்கு என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? அந்த வழக்கை எழுதியவன் யார்? மக்கள் முன்னே வைத்த கேள்வியில் எந்தச் சொல்லைச் சேர்த்தான்? எந்தச் சொல்லை விழுங்கினான்? இதைக் கேட்காமல் தீர்ப்பை மட்டும் போற்றுகிறவன், தராசைப் பார்க்காமல் எடையைப் புகழ்கிறவன்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும், தேர்வாய்க்கண்டிகையிலும் உழைக்கும் தோழர்கள் கேட்கிறார்கள்: “ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுப் போடுகிறோம். இடையிலே நடப்பதெல்லாம் நம்மைக் கேட்காமலே நடக்கிறது. அமெரிக்காவிலே சட்டத்தையே ஓட்டுக்கு விடுகிறார்களாமே! இங்கே ஏன் அப்படி இல்லை?”

நியாயமான கேள்வி. ஏளனமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

நமது அரசியல் சட்டத்தில் சட்டங்களைப் பொதுமக்கள் வாக்கெடுப்புக்கு விடும் ஏற்பாடு கிடையாது. ஒரு முறை அது வாசல் வரை வந்தது. நெருக்கடி நிலை முடிந்த பின்னர், 1978-இல், அரசியல் சட்டத்தின் அடிப்படையையே மாற்றுவதானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஜனதா சர்க்கார் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மக்களவை ஏற்றது. மாநிலங்களவை அந்தப் பிரிவை உதறியது. அத்தோடு கதை முடிந்தது. அதனால், மாநிலம் முழுவதும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரு சட்டத்தின் மீது நாம் ஓட்டுப் போட்டதே இல்லை.

எண்ணினார்கள், கேட்கவில்லை!

கேட்டிருக்க வேண்டிய கேள்வி நம் மாவட்டத்திலேயே இருந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். தமிழர்கள் சிறை சென்றனர். முடிவு எப்படி வந்தது? படாஸ்கர் என்ற நடுவர் வந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டார். 1951 குடிக்கணக்கைப் புரட்டினார். பாதிக்கு மேல் எந்த மொழி பேசுகிறார்கள், ஊர்கள் தொடர்ச்சியாக அமைந்துள்ளனவா என்று பார்த்தார். 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் வந்தது. அதற்கு ஈடாகத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து பல ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின.

திருத்தணி வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊர்களின் மக்களை எண்ணினார்கள்; கேட்கவில்லை! வீட்டில் எந்த மொழி பேசுகிறாய் என்பது ஒரு கேள்வி. எந்த மாநிலத்தில் வாழ விரும்புகிறாய் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டிருந்தால் விடை மாறியிருக்குமா? மாறும் என்பதற்குக் கோவா சாட்சி.

1967 ஜனவரி 16-ஆம் நாள் கோவா மக்களிடம் கேட்டார்கள்: மராட்டியத்துடன் இணைவதா, யூனியன் பிரதேசமாகத் தனித்து இருப்பதா? இணைப்புக்குச் சின்னம் பூ. தனித்திருப்பதற்குச் சின்னம் இரண்டு இலை. அப்போது அங்கே ஆட்சி செய்தவர் இணைப்புக் கட்சியின் தலைவர் பண்டோட்கர். அவர் பதவியில் இருந்தால் வாக்கெடுப்பு நேர்மையாக நடக்காது என்று எதிர்த் தரப்பு வாதாடியது. அவர் விலகினார். அதன் பிறகே ஓட்டுப் பெட்டி வைக்கப்பட்டது. பூவுக்கு 1,38,170. இரண்டு இலைக்கு 1,72,191. கோவா தனித்து நின்றது.

அடுத்து நடந்ததுதான் அழகு! இரண்டே மாதம் கழித்து மார்ச்சில் பொதுத் தேர்தல். அதில் வென்று மீண்டும் முதலமைச்சரானவர் யார்? அதே பண்டோட்கர்! “நீ ஆள வேண்டும், ஆனால் எங்கள் மண்ணை இணைக்கக் கூடாது” என்று அந்த மக்கள் சொன்னார்கள். படிப்பில்லாத மீனவனும் கூலியாளும் கட்சி வேறு, கேள்வி வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். பாமரனுக்குப் பகுத்துப் பார்க்கத் தெரியாது என்று பேசும் மேதாவிகள் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்கட்டும்!

விளக்கும் பானையும்

ஆனால் வாக்கெடுப்பு என்றாலே கோவா அல்ல. இலங்கையும் உண்டு.

1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இலங்கைப் பாராளுமன்றத்தின் ஆயுள் 1983-இல் முடிய வேண்டும். ஜே.ஆர். ஜெயவர்த்தனாவிடம் ஆறில் ஐந்து பங்கு இடங்கள் இருந்தன. புதிய தேர்தல் வந்தால் அந்தப் பெரும்பான்மை கரையும் என்பது அவருக்குத் தெரியும். தேர்தல் வைக்காமல் தப்ப வேண்டும்; அதையும் மக்கள் பெயரால் செய்ய வேண்டும். வழி என்ன? வாக்கெடுப்பு! பழைய பாராளுமன்றமே இன்னும் ஆறாண்டு நீடிக்கட்டுமா என்று 1982 டிசம்பர் 22-இல் கேட்டார். ‘ஆம்’ என்பதற்கு விளக்குச் சின்னம். ‘இல்லை’ என்பதற்குப் பானைச் சின்னம். விளக்கென்றால் ஒளி, மங்கலம். பானை? சின்னத்திலேயே சூது!

நெருக்கடி நிலைச் சட்டம் நாட்டின் மேல் கவிந்திருந்தது. எதிர்க்கட்சியினர் சிறையில். கம்யூனிஸ்டு ஏடான ‘அத்த’வின் அச்சகத்துக்குப் பூட்டு. இத்தனைக்கும் பிறகு விளக்குக்கு விழுந்தது 54.66 சதவீதம், பானைக்கு 45.34. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்குப் போட்டனர். என்ன பயன்? நாடு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே கூட்டல். தமிழனின் ‘இல்லை’ அந்தக் கூட்டலில் கரைந்து போயிற்று. ஏழே மாதத்தில் 1983 ஜூலை வந்தது. தமிழன் வீடு எரிந்தது.

அப்படித் தொடங்கிய போரில் ஊரிழந்து கடல் கடந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார்கள். நம்மோடு அதே ரயிலில் வருகிறார்கள். பெயின்ட் அடிக்கிறார்கள், கட்டிடம் கட்டுகிறார்கள். அங்கே கேட்டபோது சொன்ன ‘இல்லை’ எடுபடவில்லை. இங்கே அவர்களைக் கேட்கவே ஆளில்லை, ஓட்டே கிடையாது. வாக்கெடுப்பு என்றதும் கைதட்டுமுன் இவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

கோவாவில் ஆளவந்தார் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு கேட்டார்கள். இலங்கையில் நாற்காலியை விடாமலிருப்பதற்காகவே கேட்டார்கள். இரண்டும் வாக்கெடுப்புதான். ஒன்று மக்கள் கையில் இருந்த கோல். மற்றொன்று மக்கள் முதுகில் விழுந்த கோல்.

பணமூட்டையும் பாட்டாளியும்

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1911 முதல் மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தை ஓட்டுக்குக் கொண்டுவரலாம். ரயில்வே முதலாளிகளின் பிடியில் சட்டசபை சிக்கிக் கிடந்ததால், அதை உடைக்க வந்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம். ஆனால் பூட்டுக்குச் சாவி செய்தால் திருடனும் ஒரு சாவி செய்வான் அல்லவா?

2020-இல் அதைக் கண்டோம். செயலி வழியே வாடகைக் கார் ஓட்டுபவரும் சாப்பாடு கொண்டு கொடுப்பவரும் தொழிலாளர்களே. அவர்களுக்குத் தொழிலாளர் உரிமை உண்டு என்று அம்மாநிலம் சட்டம் செய்தது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் ஆகிய கம்பெனிகள் என்ன செய்தன? தாங்களே கையெழுத்துத் திரட்டி, 22-ஆம் எண் பிரேரணை என்ற பெயரில், அந்த உரிமையை நீக்கும் சட்டத்தை ஓட்டுக்கு விட்டன. கம்பெனிகள் தரப்பில் கொட்டிய பணம் 20 கோடி டாலருக்கு மேல். தொழிற்சங்கங்கள் திரட்டியது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஓட்டுநரின் சுதந்திரத்தைக் காப்போம் என்று விளம்பரம்! 58 சதவீதத்துக்கும் மேல் ‘ஆம்’ என்றார்கள். அந்தச் சட்டத்தின் சிறு எழுத்தில் ஒரு வரி: இதைச் சட்டசபை திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு உறுப்பினர் சேர வேண்டும். கதவைச் சாத்தியதோடு சாவியையும் கிணற்றில் எறிந்துவிட்டார்கள்!

அப்படியானால் பணமே வெல்லும் என்று சோர்ந்துவிடுவதா? கூடாது. மிசூரி மாநிலத்தைப் பாருங்கள்.

2017-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் ‘வேலை செய்யும் உரிமை’! கேட்டால் காதுக்கு இனிக்கும். உள்ளே இருந்தது என்ன? சங்கம் போராடிப் பெற்ற ஒப்பந்தத்தின் பலனை எல்லோரும் அனுபவிக்கலாம், சங்கத்துக்கு ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் குற்றம். சங்கத்தைப் பட்டினி போட்டுக் கொல்லும் சட்டம். தொழிலாளர்கள் வீடு வீடாக நடந்தார்கள். சுமார் ஒரு லட்சம் கையெழுத்துப் போதும். அவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் திரட்டினார்கள். சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் 7-இல் ஓட்டெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அந்தச் சட்டத்தைக் குப்பையில் போட்டார்கள்.

அங்கே தோற்றதும் இங்கே வென்றதும் எதனால்? சட்டத்தின் நூறு பக்கத்தையும் மக்கள் படித்ததாலா? இல்லை. எந்த நாட்டிலும் யாரும் படிப்பதில்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது?

இதை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. 1988-இல் கலிஃபோர்னியாவில் வாகன இன்ஷூரன்ஸ் பற்றி ஒரே நாளில் ஐந்து பிரேரணைகள் ஓட்டுக்கு வந்தன. எல்லாம் ஒன்று போலத் தோன்றின. இன்ஷூரன்ஸ் முதலாளிகளே கட்டணக் குறைப்பு என்ற சாயம் பூசிச் சிலவற்றை இறக்கியிருந்தார்கள். ஐந்தில் நிறைவேறியது ஒன்றே ஒன்று. முதலாளிகள் எதிர்த்த 103-ஆம் எண். மக்கள் எப்படித் தேர்ந்தார்கள் என்று ஆர்தர் லூப்பியா என்ற அறிஞர் வாக்காளர்களைக் கேட்டுப் பார்த்து 1994-இல் எழுதினார். சட்டத்தின் நுணுக்கம் தெரியாவிட்டாலும், “இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எந்தப் பக்கம்?” என்ற ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள், நுணுக்கமெல்லாம் படித்தவர்கள் போட்டது போலவே போட்டிருந்தார்கள்! அதுவும் தெரியாதவர்கள்தான் தடுமாறினார்கள்.

ஆயிரம் பக்கத்துக்கு ஈடான ஒரு கேள்வி: யார் எந்தப் பக்கம்? தொழிலாளி முட்டாள் அல்ல. அவனுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பதே சங்கத்தின் வேலை, ஏட்டின் வேலை, ஊழியனின் வேலை.

நம் வாசலில்

இதெல்லாம் கடல் கடந்த கதை, நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். மாநில அளவில் ஓட்டுப் பெட்டி வராவிட்டாலும், சிறு சிறு வடிவங்களில் அது நம் வாசலுக்கு வந்துவிட்டது.

முதலாவது, கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய ஆலையோ துறைமுகமோ வருமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும், மீண்டும் 2023 செப்டம்பரிலும் கூட்டம் அறிவித்தார்கள். பழவேற்காட்டு மீனவர்களின் எதிர்ப்பு எழுந்தது. இரண்டு முறையும் கூட்டம் தள்ளிப் போயிற்று. மக்கள் திரண்டால் அதிகாரம் காலண்டரைப் புரட்டும் என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே ஓட்டு இல்லை என்பதை மறக்காதீர்கள். ஆயிரம் பேர் ‘வேண்டாம்’ என்றாலும் அது குறிப்பேட்டில் ஏறும், தீர்ப்பாகாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதிகூடக் கிடையாது. ஒன்று மட்டும் நம் கையில்: கூட்டம் முடியும்போது பதிவு செய்ததை மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பேசிவிட்டுப் பேருந்து ஏறி வந்துவிடாதீர்கள். “படியுங்கள், கேட்கிறோம்” என்று உட்காருங்கள்!

இரண்டாவது, கிராம சபை. மே தினத்திலும் கிராம சபை உண்டு. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. ஏன்? 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பது கேள்வி. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. மலை பிழைத்தது. அவர்களுக்கு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நம் ஊர்ச் சபைக்கு அத்தனை பலம் இல்லை என்பது உண்மை. இருக்கிற பலத்தையாவது பயன்படுத்துகிறோமா? மே தினக் கொடியேற்றத்துக்கு வருகிற கூட்டம், அதே நாளில் கிராம சபைக்கும் போனால் என்ன?

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஆலை வாசலுக்கே வரப்போகும் கேள்வி அது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதத்தின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கம். எவருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சங்கங்களைக் கொண்ட பேச்சுவார்த்தைக் குழு. பெரும்பான்மைக்குப் பேசும் உரிமை! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் இரகசிய வாக்கெடுப்பில் சங்க அங்கீகாரம் முடிவானது. அது நல்ல வழி என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை.

ஆனால், மஸ்டர் ரோல் என்ற சொல்லைப் பாருங்கள். சூட்சுமம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது!

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் உருக்காலை. உள்ளே உழைப்பவர் 600 பேர். நிரந்தரத் தொழிலாளர் 200 பேர். மற்ற 400 பேரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், பக்கத்து ஊர்ப் பையன்கள். ஆலையின் பதிவேட்டில் இருப்பது 200 பெயர் மட்டும் என்றால், 102 பேரின் ஆதரவே பெரும்பான்மை. உண்மையில் உலையின் முன் நிற்கும் 600 பேரில் அது 17 சதவீதம்! நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு சங்கம் அந்த 102 பேரைச் சேர்த்துக்கொண்டால் போதும். அனலில் வேகும் 400 பேரின் கூலியும் பாதுகாப்பும் யார் பேச்சிலும் வராது. இலங்கையில் கூட்டலிலே கரைத்தார்கள். இங்கே கூட்டலுக்கே வராமல் செய்துவிடலாம்!

எனவேதான் சொல்கிறோம்: ஓட்டு நாளில் விழித்துக்கொள்வது போதாது. பட்டியல் எழுதும் நாளிலே விழித்திருக்க வேண்டும். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, ஏன் இல்லை என்று இன்றே கேட்க வேண்டும். இந்தி பேசும் தோழனை ‘வடக்கத்தியான்’ என்று ஒதுக்கினால் நிர்வாகத்துக்குத்தான் கொண்டாட்டம். நாம் பிரிந்து நின்றால் அவர்கள் கணக்கு எளிதாகிவிடும்.

வாக்கெடுப்பு என்று எது வந்தாலும், அது ஆலை வாசலில் வந்தாலும் ஊர்ச் சாவடியில் வந்தாலும், நம் தோழர்கள் நான்கு கேள்விகளை நாக்கு நுனியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியை எழுதியவன் யார்?

அதற்காகப் பணம் செலவழிக்கிறவன் யார்?

‘ஆம்’ என்று சொன்னால் நாளைக் காலை ஷிப்டில் நமக்கு என்ன மாறும்?

எண்ணிக்கையில் சேராமல் விடப்பட்டவன் யார்?

நான்குக்கும் விடை தெரிந்தால் நூறு பக்கச் சட்டமும் கைக்கு அடங்கும். விடை சொல்ல மறுக்கிறானா? அப்போது ‘இல்லை’ என்பதே தக்க விடை. தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்து நிலம் இழந்த பாட்டன்மாரின் பேரன்கள் நாம். தெரியாத சீட்டில் முத்திரை குத்தி உரிமை இழக்கலாகாது.

மாநில அளவில் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று கோருகிறவர்களுக்கும் நம் பதில் இதுவே. வரட்டும், வரவேற்போம். ஆனால் கோவாவைப் போல ஆளவந்தார் ஒதுங்கி நிற்கட்டும். பணத்துக்கு வரம்பு இருக்கட்டும். பத்திரிகைகள் திறந்திருக்கட்டும். பட்டியல் முழுமையாக இருக்கட்டும். இவை இல்லாத வாக்கெடுப்பு, விளக்கு என்று பெயர் சூட்டிய இருட்டு.

மிசூரித் தொழிலாளி மூன்று லட்சம் கையெழுத்தை வானத்திலிருந்து பெறவில்லை. கதவு கதவாகத் தட்டிப் பெற்றான். நமக்கும் கதவுகள் உண்டு. சிப்காட்டின் லைன் வீடுகள் உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நீளும் ரயில் பாதை உண்டு. நாளை முதல் ஷிப்டு விட்டதும் ஒவ்வொரு தோழனும் தன் பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்று கேட்கட்டும்: “உன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?”

அங்கிருந்து தொடங்குவோம்!